இரும்பு ஊன்றியவர்கள்

முகத்துவாரம் என்ற எங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஓர் ஆறு இருக்கிறது. களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் இது. மழைக்காலத்து மாலையொன்றில் ஆற்றுவாயில் நின்று பார்த்தால், செம்மண் கரைந்த நீர் கடலின் நீலத்துக்குள் நெடுந்தூரம் நீண்டு செல்வதைக் காணலாம். அந்த நீரின் ஒரு பகுதி மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து, சிவனொளிபாதமலைச் சாரலிலிருந்து வருகிறது. மலையைக் காணாமலே மலையின் மண்ணை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்.

மலையைப் பற்றியும் பாறையைப் பற்றியும் இன்று பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு மாணவனே காரணம். உயர்தர வகுப்பு மாணவர்களைச் சிகிரியாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். ஓவியங்கள் உள்ள குகைக்குச் செல்லும் இரும்புச் சுழற்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் வந்த மாணவன் கேட்டான்:

"சேர், இந்தப் படி இல்லாத காலத்துல இங்க முதல்ல ஏறினது யாரு?"

வழிகாட்டி நூலில் படித்ததைச் சொன்னேன். 1889 ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்னும் ஆங்கிலேய அதிகாரி ஏறி ஓவியங்களைப் பிரதி செய்தார் என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் வந்தான். பிறகு, "அவரு ஏறுறதுக்கு இரும்பு அடிச்சுக் குடுத்தது யாரு சேர்?" என்று கேட்டான்.

இந்த இரண்டாவது கேள்விக்கு வழிகாட்டி நூலில் விடை இல்லை. நேயர்களே, இன்றைய உரை அந்தக் கேள்விக்கான விடையைத் தேடும் ஒரு முயற்சி.

பாறையேறுதல் இன்று உலகம் அறிந்த ஒரு விளையாட்டு. 2021 ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. 2024 இல் பாரிஸிலும் இடம்பெற்றது. சர்வதேச அளவிலான முதற் போட்டி 1985 இல் இத்தாலியின் பர்தொனெக்கியா என்னும் மலையூருக்கு அருகே இயற்கைப் பாறையிலேயே நடந்தது. செயற்கைச் சுவர்கள் பின்னர்தான் வந்தன.

இந்த விளையாட்டின் முறை எளிமையானது. பாறையில் துளையிட்டு, சில மீற்றர் இடைவெளிகளில் இரும்பாணிகளை முன்கூட்டியே பொருத்தி வைப்பார்கள். ஏறுபவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விரலாலும் பாதத்தாலும் பாறையையே பற்றி ஏறுவார். ஓர் ஆணியை அடைந்ததும் அதில் ஒரு கொளுவியை மாட்டி, கயிற்றை அதனூடாகச் செலுத்துவார். கீழே ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறுபவர் கை நழுவினால் ஆணியும் கயிறும் கீழே நிற்பவரும் சேர்ந்து அவரைத் தாங்குவார்கள். ஆணி விழும்போது தாங்குவதற்கு மட்டுமே. அதைப் பிடித்தோ மிதித்தோ ஏறினால் அது ஏற்றமாகக் கணிக்கப்படாது.

இந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது? ஜேர்மனியின் தென்பகுதியில் பிராங்கன்யூரா என்றொரு பிரதேசம் இருக்கிறது. காடுகளும் சிற்றூர்களும் நிறைந்த அமைதியான ஆற்றுப் பள்ளத்தாக்குகள். அவற்றின் ஓரங்களில் சுண்ணாம்புக்கற் பாறைகள் மரங்களுக்கு மேலே தலைநீட்டி நிற்கும். சுண்ணாம்புக்கல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது யாழ்ப்பாணக் குடாநாடுதான். அங்கே அது நிலத்தின் கீழ்ப் படுத்துக் கிடந்து, மழை நீரை உள்வாங்கிக் கிணறுகளிலும் கீரிமலைக் கேணியிலும் திருப்பித் தருகிறது. பிராங்கன்யூராவிலோ அதே கல் எழுந்து நிற்கிறது. நீர் அரித்த சிறு பொந்துகள் அதன் முகமெங்கும் இருக்கின்றன. ஒரு விரல், இரண்டு விரல் மட்டுமே நுழையக்கூடிய பொந்துகள் அவை.

அந்தப் பாறைகளில் முன்னர் ஏறியவர்கள் ஆணிகளை அடித்து, அவற்றையே பிடித்துத் தொங்கி மேலே சென்றார்கள். குர்ட் அல்பேர்ட் என்னும் இளைஞர் அதை மாற்றினார். கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர் அவர். ஓர் ஆணியைத் தொடாமலே அந்த இடத்தைக் கடக்க முடிந்தால், அதனருகே சிவப்பு வர்ணத்தில் ஓர் அடையாளம் இடுவார். அடியிலிருந்து முடிவரை எந்த ஆணியையும் பிடிக்காமல் ஏறி முடித்தால், பாறையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். 1975 இல் தொடங்கிய இந்தச் சிவப்புப் புள்ளிதான் இன்றுவரை இவ்விளையாட்டின் அளவுகோல். 1991 இல் அதே பிராங்கன்யூராவில் வொல்ப்காங் குல்லிக் என்பவர், ஏறத்தாழ விரல் நுனிகளால் மட்டுமே தொங்கிச் செல்லவேண்டிய ஒரு பாதையை ஏறி முடித்தார். அக்கால உலகின் மிகக் கடினமான பாதை அது.

இந்த விளையாட்டில் என்னைக் கவர்ந்தது உடல் வலிமையன்று, அதன் நன்றியுணர்வு. ஒரு பாதையை முதலில் கண்டு, தொங்கிநின்று துளையிட்டு, ஆணி பொருத்தி வைத்தவரின் பெயரை இவர்கள் எழுதி வைக்கிறார்கள். முதலில் ஏறி முடித்தவரின் பெயரையும் எழுதுகிறார்கள். ஏறியவருக்கும் வழி செய்தவருக்கும் வரலாற்றில் தனித்தனி இடம் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவோம்.

பாறையேறுதல் மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் பத்துப்பாட்டைப் படிக்க வேண்டும். அதில் இறுதியாக வைக்கப்படும் மலைபடுகடாம், நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு பெருங்கௌசிகனார் பாடியது. குரங்கும் ஏறமுடியாத செங்குத்தான மலைமுகத்தில் தேனடைகள் தொங்குவதையும், குறவர்கள் அங்கே 'மால்பு' ஒன்றை நிலைநிறுத்தி, அதையே வழியாகக் கொண்டு தேனெடுப்பதையும் அவர் சொல்கிறார். மால்பு என்பது கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கிலேணி. கண்ணேணி என்று உரைகாரர் பொருள் கூறுவர். மிதிப்பதற்கான இடத்தை மனிதன் தானே உண்டாக்கிப் பாறையை வழியாக்கிக்கொண்ட செய்தி இது. நம் நாட்டில் வேடரும் இவ்வாறே கொடியேணி கட்டிப் பாறைத் தேன் எடுத்தனர் என்பதை 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

தேனுக்காக ஏறியவர்களை அடுத்து வருபவர்கள் பக்திக்காக ஏறியவர்கள். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமானது. சைவருக்குச் சிவனின் பாதம், பௌத்தருக்குப் புத்தரின் பாதம், இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆதாமோடு தொடர்புடைய மலை. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 இல் இம்மலையில் ஏறினார். அவர் கரையிறங்கியது புத்தளப் பகுதியில். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. அந்த மன்னர் பயணிக்குப் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மேலும் பத்துத் துணைவர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். ஓர் இஸ்லாமியப் பயணியைப் பாதமலைக்குக் கொண்டு சேர்த்தவர்கள் ஒரு தமிழ் மன்னனின் ஆட்கள் என்பது நம் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்லவேண்டிய செய்தி.

இப்னு பதூதா தரும் விவரம் இன்னும் சுவையானது. முன்னோர்கள் பாறையில் படி போன்ற பிடிகளை வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர் என்கிறார். சங்கிலிகள் பத்து. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதனை அடைந்தவன் கீழே நோக்கினால் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தன்னையறியாமல் கலிமாவை மொழிவான். அதனால் அந்தப் பெயர்.

மலைக்கு இரண்டு வழிகள் இருந்தனவாம். ஒன்று பாபா வழி, அதாவது ஆதாமின் வழி. மற்றது மாமா வழி, ஏவாளின் வழி. மாமா வழி எளிது. இறங்கி வருபவர்கள் அதனால் வருவார்கள். அந்த வழியால் ஏறிச் சென்றவனை யாத்திரை செய்தவனாகவே கணிப்பதில்லை என்று அவர் எழுதுகிறார். எண்ணிப் பாருங்கள். உச்சியை அடைவது மட்டும் போதாது, எந்த வழியால் அடைந்தாய் என்பதே முக்கியம் என்ற ஒழுக்கம், குர்ட் அல்பேர்ட் சிவப்புப் புள்ளி வைப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மலையில் நடைமுறையில் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சங்கிலிகளை அறைந்தவர் யார்? இப்னு பதூதா 'முன்னோர்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஒருவர், அலெக்சாந்தரே அந்தச் சங்கிலிகளைப் பொருத்துவித்தான் என்று பாடினார். அலெக்சாந்தர் இலங்கைக்கு வந்தவனல்லன். சிந்து நதிப் பக்கத்தோடு அவன் படை திரும்பிவிட்டது. பெயரில்லாத உழைப்பு இப்படித்தான் பெயருள்ள அரசனின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இனிச் சிகிரியாவுக்கு வருவோம்.

சூழவுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அந்தப் பாறையை ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் தன் அரண்மனையாக்கினான். அவனுக்குப் பின் அது பௌத்தத் துறவிகளின் இருப்பிடமாயிற்று. காலப்போக்கில் காடு மூடிவிட்டது. சிங்கத்தின் வாயூடாகச் சென்ற படிகள் இடிந்தன. பாறையில் வெட்டிய சிறு பள்ளங்கள் மட்டும் மிஞ்சின. 1831 இல் மேஜர் ஜொனதன் போர்ப்ஸ் என்னும் படை அதிகாரி காட்டைக் கடந்து இப்பாறையை அடைந்து, பின்னர் தமது நூலில் அதைப் பற்றி எழுதினார். 1853 இல் அடம்ஸ், பெய்லி என்னும் இரு சிவில் சேவை அதிகாரிகள் உச்சியை அடைந்தார்கள்.

இருந்தும், பாறையின் நடுவயிற்றில் உள்ள ஓவியக் குகை எட்டாக்கனியாகவே இருந்தது. கீழே நின்று தொலைநோக்கியால் பார்க்கலாம். அருகே செல்ல இயலாது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் காலத்தில் அந்த ஓவியங்களைப் பிரதி செய்யும் பணி அலிக் மறேயிடம் வந்தது.

மறே முதலில் அயற்கிராமத்தவரின் உதவியை நாடினார். பாறையில் பேய்கள் குடியிருக்கின்றன என்ற அச்சத்தால் அவர்கள் வர மறுத்துவிட்டனர். பின்பு தமிழ்க் கல்வெட்டுத் தொழிலாளர் சிலர் கிடைத்தனர். அவர்கள் செய்த வேலை இது. எட்டும் உயரத்தில் பாறையில் ஒரு துளை. அதில் கல் துளைக்கும் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகிச் சீமெந்தால் இறுக்குவது. அந்த இரும்பில் நின்றுகொண்டு அதற்கு மேலே அடுத்த துளை. அதில் அடுத்த இரும்பு. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக, பாறையின் முகத்தில் தாமே ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டு ஏறினார்கள். சம்மட்டியின் ஒவ்வோர் அடிக்கும் உடல் பின்வாங்கும், பின்னால் வெட்டவெளி. இடுப்புப் பட்டியும் கொளுவியும் இன்றுள்ள ஆடுகயிறும் இல்லாத காலம்.

உயரம் கூடியபோது அவர்களுடைய மனமும் தளர்ந்தது. மூன்று நாட்கள் விடுமுறை கேட்டார்கள். ஓய்வெடுப்பதற்கல்ல, விரதமிருந்து வழிபடுவதற்கு. விடுமுறை கிடைத்தது. விரதம் முடித்துத் திரும்பி வந்தார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள், குகை எட்டியது.

இந்த மூன்று நாட்களைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். கிராமத்தவர்கள் அஞ்சினார்கள், தமிழர்கள் அஞ்சவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அவர்களும் அஞ்சினார்கள். அஞ்சி, அந்த அச்சத்தைத் தெய்வத்தின் முன் இறக்கி வைத்துவிட்டு, மறுபடி ஏறினார்கள். கூலிக்கு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்? வேலை பாதியில் நின்றால் மறேயின் பெயருக்குத்தான் இழுக்கு. அவர்களுக்கு இழுக்குமில்லை, முடித்தால் புகழுமில்லை. ஆயினும் திரும்பி வந்தார்கள். கலிமாச் சங்கிலியில் தொங்கிய யாத்திரிகனும், சிகிரியா இரும்பில் நின்ற தொழிலாளியும் ஒரே இடத்தில்தான் கடவுளை அழைத்திருக்கிறார்கள்.

குகையின் தரை மிகவும் சரிவானது. நிற்கவோ இருக்கவோ முடியாது. அங்கேயும் இரும்புகளை ஊன்றி, மேடை கட்டி, அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு மறே ஒரு வாரம் ஓவியங்களைப் பிரதி செய்தார். அவருடைய துணிவையும் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் சிகிரியாவில் அகழ்வுகளைத் தொடங்கினார். 1896 இல் டி.ஏ.எல். பெரேரா ஓவியங்களை வர்ணத்தில் பிரதி செய்தார். கம்பியேணி வந்தது, பிறகு சுழற்படிக்கட்டு வந்தது. இன்று பாடசாலைப் பிள்ளைகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சில நிமிடங்களில் ஏறிவிடுகிறார்கள். போர்ப்ஸ், அடம்ஸ், பெய்லி, மறே, பெல், பெரேரா என்று பெயர்ப்பட்டியல் நீள்கிறது. இரும்பு ஊன்றியவர்கள் மட்டும் 'தமிழ்க் கல்வெட்டிகள்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டார்கள்.

இதில் ஒரு துயரமான முரண் உண்டு. ஓவியக் குகைக்குக் கீழே உள்ள கண்ணாடிச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பழங்காலத்தில் சிகிரியாவைப் பார்க்க வந்தவர்கள் தம் மனத்தில் எழுந்த கவிதைகளை அச்சுவரில் கீறிச் சென்றார்கள். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலான சிங்கள இலக்கியத்துக்கு அது பெருங்கொடை. பாடியவர்களுள் பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும், துறவிகளும் உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போனவர்களின் பெயர் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அங்கே இருக்கிறது. கையில் உளியும் சம்மட்டியும் கொண்டு அதே பாறையில் நாட்கணக்கில் தொங்கியவர்களின் பெயர் வரலாற்று நூல்களில் ஏறவில்லை. கல்லில் எழுதும் கருவி அவர்களிடம்தான் இருந்தது. அதனால் அவர்கள் எழுதியது துளைகளை மட்டுமே.

இதைத் தமிழருக்கு மட்டும் நேர்ந்த குறையாக நான் சொல்ல வரவில்லை. கிராமத்துச் சிங்களவர்களின் பெயரும்தான் இல்லை. எங்கள் முகத்துவாரத்துக்கு அருகே கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணை இருக்கிறது. 1875 இல் அதற்கு அடிக்கல் நாட்டிய வேல்ஸ் இளவரசரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. அந்த அணைக்கு மஹர கற்குழிகளில் கல் உடைத்த சிறைக்கைதிகளின் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்? இமயமலையிலும் இதுவே கதை. 2016 மே 21 இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானபோது நாடே பெருமைப்பட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மலையேறுவோர் வருமுன்பே கும்பு பனிவீழ்ச்சியில் ஏணிகளையும் கயிறுகளையும் பொருத்தி வைக்கும் ஷெர்பாத் தொழிலாளர் இல்லாவிட்டால், அந்த வழியால் எவரும் மேலே செல்வது அரிது.

சிகிரியாவில் இரும்பை மிதித்து ஏறியதும், பிராங்கன்யூராவில் இரும்பைத் தொடாமல் ஏறுவதும் ஒன்றல்ல என்று யாரேனும் சொல்லலாம். உண்மைதான். அங்கே ஏறுவது விளையாட்டு. இங்கே அது வயிற்றுப்பாடு. ஆனால் அந்த விளையாட்டிலிருந்து நாம் ஒன்றைக் கற்கலாம். ஒரு பாதையின் வரலாறு அதன் முதல் ஆணியிலிருந்து தொடங்குகிறது என்று அந்த இளைஞர்கள் நம்புகிறார்கள். நம்முடைய வரலாற்று நூல்களோ பாதையின் வரலாற்றை அதன் உச்சியிலிருந்து தொடங்குகின்றன.

இழந்த பெயர்களை இனி மீட்க முடியாது. கற்பனைப் பெயர் சூட்டுவதும் முறையன்று. அது அலெக்சாந்தர் கதையாகவே முடியும். செய்யக்கூடியது ஒன்றுண்டு. சிகிரியா ஓவியங்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம், மறேயின் பெயருக்கு முன்னால் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 'தமிழ்த் தொழிலாளர் சிலர், மூன்று நாள் விரதமிருந்து, பாறையில் இரும்பு ஊன்றி வழி செய்தனர்.' ஒரு வாக்கியம் போதும். பரீட்சைக்கு வராது, பிள்ளைகளின் மனத்தில் நிற்கும்.

சுற்றுலா முடிந்து சில வாரங்களுக்குப் பின், இவ்வளவையும் தேடிப் படித்துவிட்டு, அந்த மாணவனை அழைத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"சேர், அவங்க அந்தப் படங்களைப் பார்த்திருப்பாங்களா?"

பார்த்திருப்பார்கள். மறேயின் ஏடும் தூரிகையும் குகையை அடைவதற்கு முன், கடைசி இரும்பை ஊன்றிவிட்டுத் தலையை உயர்த்திய ஒருவன், பல நூற்றாண்டுகளாக எவரும் அருகே நின்று காணாத அந்த முகங்களை ஒரு முழ தூரத்தில் கண்டிருப்பான். சுண்ணாம்புச் சுதையில் மலர் ஏந்திய கைகள். எந்தக் கல் எங்கே பிளக்கும் என்று அறிந்த அவனுடைய கண்களுக்கு அந்தக் கைகளின் அருமையும் தெரிந்திருக்கும்.

அவனுக்கு முன்னே அந்த இடத்தில் நின்றவன் ஒருவன்தான், அந்த ஓவியங்களைத் தீட்டியவன். அவனுடைய பெயரும் நமக்குத் தெரியாது.